கழுத்தைத் தேய்த்தால் போகாத கறுப்பு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் இருக்கிற பல வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளன்று ஒரு சண்டை நடக்கும். பிள்ளையின் பிடரியில் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் அந்த இடத்துத் தோல் சற்றே தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். அம்மா பயத்தம்மாவு போட்டுத் தேய்ப்பார். அடுத்த வாரம் எலுமிச்சை மூடி. அதற்கடுத்த வாரம் பீர்க்கங்காய் நார். "கழுத்தைத் தேய்ச்சுக் குளிடின்னு எத்தனை தடவ சொல்றது?" என்று திட்டும் விழும். தோல் சிவந்து எரியுமே தவிர, கறுப்பு இம்மியும் குறையாது. அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மேல் ஏறி நிற்கும்போது, அது தோல் செல்களையும் தூண்டிவிடுகிறது. அவை அளவு மீறிப் பெருக, பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. மருத்துவர்கள் இதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யாமலே உடம்பு ஒரு செய்தியை வெளியே எழுதிக் காட்டுகிறது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. பிள்ளைக்கோ தன் உடம்பு சுத்தமில்லாதது, அதற்குத் தானே காரணம் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

பிடரி கறுத்தவர்களுக்கெல்லாம் பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்கிற சினைப்பை, ஹார்மோன் குறைபாடு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களில் பலர் தங்கள் கதையை மாதவிடாயிலிருந்து தொடங்குவதில்லை. கழுத்தில், மோவாயில் முளைத்த முடியில், பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரில்தான் தொடங்குகிறார்கள். மருத்துவக் குறிப்பேட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அங்கே முதலில் வருவது மாதவிடாய், அடுத்து ஸ்கேன், அடுத்து குழந்தை. அந்தப் பெண் எதைச் சொல்லி அழுதாளோ அது குறிப்பேட்டில் கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 13 பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு என்றும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆந்திரத்தில் ஓர் உறைவிடக் கல்லூரியில் 15 முதல் 18 வயது வரையுள்ள 460 மாணவிகளைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வில் 9 சதவீதம் பேருக்கு இது இருந்தது. நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சினைப்பைக்குள் மாதாமாதம் பல நுண்ணிய பைகள் வளரத் தொடங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. அவற்றில் ஒன்று மட்டும் முழுதாக முதிர்ந்து வெடித்து முட்டையை வெளியிடும், மற்றவை சுருங்கிவிடும். இந்த ஏற்பாட்டை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களால் நடத்துகிறது. பி.சி.ஓ.எஸ்.-இல் மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு வருகிற கட்டளைத் துடிப்புகள் வேகமாகிவிடுகின்றன. எல்.எச். ஓங்கி, எஃப்.எஸ்.எச். அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. எல்.எச். ஓங்கினால் சினைப்பை கூடுதலாக ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கும். டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எல்லாப் பெண்களின் உடம்பிலும் அது கொஞ்சம் இருக்கும். இங்கே அளவு கூடிவிடுகிறது. இன்னொரு பக்கம், உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காததால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது. சினைப்பையை இன்னும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைக்கிற ஒரு புரதம் கல்லீரலில் உற்பத்தியாகிறது, அதையும் குறைத்துவிடுகிறது. கட்டற்று உலவுகிற டெஸ்டோஸ்டிரோன் மோவாயிலும் மேலுதட்டிலும் முரட்டு முடியை முளைக்கவைக்கிறது. உச்சந்தலையில் முடியை உதிர்க்கிறது. பருவை விடாமல் கிளப்புகிறது. நுண்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோகின்றன. ஸ்கேனில் முத்துச்சரம் கோத்தது போலத் தெரிவது அவைதான். "கட்டி கட்டியா இருக்காம்" என்று அழுதுகொண்டே வருகிற பெண்ணுக்கு யாராவது இதை உட்கார்ந்து சொல்ல வேண்டும். அது புற்றுக்கட்டியும் இல்லை, அறுத்து எடுக்க வேண்டிய நீர்க்கட்டியும் இல்லை. முதிராமல் நின்ற முட்டைப் பைகள், அவ்வளவுதான்.

இந்த விளக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

1935-இல் சிகாகோவில் இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் குறைபாட்டின் நவீன வரலாறு தொடங்குகிறது. சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். அந்த நாளிலிருந்து இது மகப்பேற்று மருத்துவரின் வாசல் வழியாகவே மருத்துவத்துக்குள் வந்தது. மாதவிடாய் வருகிறதா, குழந்தை பிறக்குமா என்ற இரண்டு கேள்விகளே அதன் இலக்கணம் ஆயின. இந்தப் பெண்கள் எப்படி உணர்கிறார்கள் என்று அளக்க அவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாள் 1998-இல்தான் வந்தது. மனநிலை, உடல் முடி, எடை, குழந்தைப்பேறு, மாதவிடாய் என ஐந்து பகுதிகளில் 26 கேள்விகள் கொண்டது அது. இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

கேட்கத் தொடங்கிய பிறகு வந்த விடைகள் கனமானவை. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் சுமார் 37 சதவீதம். மற்றப் பெண்களில் 14 சதவீதம். பதற்றத்தின் அறிகுறிகள் 42 சதவீதம். மற்றவர்களில் 9 சதவீதத்துக்கும் குறைவு. உடனே எழுகிற சந்தேகம், "குண்டாக இருப்பதால் வருகிற வருத்தம்தானே?" என்பது. ஒரே எடை அளவுள்ள பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் வித்தியாசம் நீங்கவில்லை. ஒல்லியான பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும், அவர்களுக்கும் இந்தத் துயரம் உண்டு. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நொந்துபோனவர்கள், அதனால்தான் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்றும் சிலர் சொல்வார்கள். இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் மருத்துவமனைக்குள் நின்றுவிடாமல் மக்களிடையே சென்று பெண்களைக் கண்டறிந்து ஆய்ந்தார்கள். அங்கேயும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு மனத்துயரம் கூடுதலாகவும் வாழ்க்கைத் தரம் குறைவாகவும் இருந்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வு, தெற்காசியப் பெண்களிடம் இந்த நோயின் மறைந்துகிடக்கும் பக்கம் இதுதான் என்றது.

காரணம் ஹார்மோனா, ஊரா? இரண்டுக்கும் பங்கு இருக்கிறது. ஸ்வீடனில் பி.சி.ஓ.எஸ். உள்ள 24,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய உடன்பிறந்தவர்களுக்கும் சில மனநலக் கோளாறுகள் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஆக, பரம்பரையில் பகிர்ந்துவருகிற ஏதோ ஓர் அடித்தளம் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து அவளுடைய துயரத்தின் அளவைச் சொல்லிவிட முடிவதில்லை. மிச்சத்தைத் தேடக் கண்ணாடியின் முன்னும் கல்யாண வீட்டிலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடியின் விஷயத்தில் இது நன்றாகத் தெரிகிறது. முகத்திலும் உடம்பிலும் உள்ள முடியை அளக்க மருத்துவர்கள் ஃபெரிமன்–கால்வே அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். மேலுதடு, மோவாய், மார்பு, வயிறு, முதுகு என ஒன்பது இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். ஆனால் மருத்துவரைப் பார்க்க வருகிற அன்று காலையில் அந்தப் பெண் மோவாயை மழித்துவிட்டு வந்திருப்பாள். எதிரே இருப்பவருக்கு மழமழவென்ற முகம் தெரிகிறது. "எங்கேம்மா, ஒண்ணும் பெருசா இல்லையே" என்கிறார். அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கிற வேலை அவருக்குத் தெரியாது. கைப்பையின் சின்ன ஜிப்புக்குள் எப்போதும் ஒரு ட்வீசர். ஓடும் பேருந்தில் ஜன்னலோர வெளிச்சம் முகத்தில் விழாதபடி மாறி உட்காருவது. பேசும்போது விரல் தன்னையறியாமல் மோவாய்க்கடியில் தடவிக்கொண்டே இருப்பது. பியூட்டி பார்லரில் புருவத்துக்கு நூல் போட வருகிறவர்கள் சத்தமாகச் சொல்வார்கள். மோவாய்க்கு நூல் போட வந்தவள், பக்கத்து நாற்காலி காலியாகும்வரை பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, காதோரம் குனிந்துதான் சொல்வாள். உறவினர் வீட்டில் இரவு தங்க நேர்ந்தால், எல்லோரும் எழுவதற்கு முன் எழுந்து குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாள்.

இந்த வேலைக்கு லண்டனில் ஒரு கணக்கு எடுத்தார்கள். முகத்தில் முடி உள்ள 88 பெண்களிடம் கேட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. வாரத்துக்குச் சராசரியாக 104 நிமிடம் அவர்கள் இதற்கே செலவழித்தார்கள். மூன்றில் இரண்டு பேர் ஓயாமல் கண்ணாடியில் சரிபார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் ஓயாமல் தொட்டுப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு மருத்துவ உதவி தேவைப்படுகிற அளவுக்குப் பதற்றம் இருந்தது.

அதைவிட முக்கியமானது, 2005-இல் வெளியான ஒரு சிகிச்சைச் சோதனை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்தில் ஐந்து முறை முழு வீச்சில் லேசர் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதே கருவி, ஆனால் வீச்சைக் குறைத்து. முழுச் சிகிச்சை பெற்றவர்கள் முடி நீக்கச் செலவழித்த நேரம் வாரத்துக்கு 112 நிமிடத்திலிருந்து 21 நிமிடமாக இறங்கியது. கூடவே மனச்சோர்வின் அளவும் பதற்றத்தின் அளவும் இறங்கின. மனநல மாத்திரை எதுவும் அந்தச் சிகிச்சையின் பகுதியாக இல்லை. மோவாயில் முடி குறைந்தது, மனம் தெளிந்தது. முகத்து முடியை "அழகு சம்பந்தப்பட்டது" என்று ஒதுக்குகிற காப்பீட்டுக்காரர்களும் மருத்துவர்களும் இந்த ஆய்வுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன். 2023-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஹெலினா டீடி தலைமையில் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வேண்டாத முடி என்று ஒரு பெண் சொன்னால், பார்ப்பவர் கண்ணுக்கு அது எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொருட்படுத்தாமல் அதை முக்கியமான அறிகுறியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அளவுகோலுக்கு மேல் அவள் சொல்லை வைத்திருக்கிறார்கள். நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. மாத்திரைகளால் முடி குறைய ஆறு மாதமாவது ஆகும், ஏனென்றால் முளைத்துவிட்ட முடி தன் சுற்றை முடித்தே உதிரும். இரண்டு மாதத்தில் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எல்லா வகை லேசரும் ஒத்துவராது. தோல் வெந்து தழும்பாகிவிடக்கூடும். தோல் மருத்துவரிடம் போய், எந்த லேசர் என்று கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

2024-இல் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளியானபோது, மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய மேலுதட்டு முடியைக் கேலி செய்தார்கள். அந்தப் பிள்ளையின் உடல்நிலை என்னவென்று ஊகிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்தக் கேலியைப் படித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்று தங்கள் மோவாயைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

எடைக்கு வருவோம். "வெயிட்டைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும், அடுத்த மாசம் வாங்க" என்ற ஒரே வாக்கியத்தோடு திரும்பிய பெண்கள் எத்தனை பேர்! எடை குறைந்தால் பலருக்குப் பலன் உண்டு என்பது உண்மை. ஆனால் இன்சுலின் ஏறி நிற்கிற உடம்பைப் பார்த்து, நீ சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவள் என்ற தொனியில் பேசுவது மருத்துவம் ஆகாது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு, கட்டுப்பாடிழந்து அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு குற்ற உணர்வில் பட்டினி கிடக்கிற உணவுக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன. திட்டு வாங்கிய அன்று பட்டினி, மறுநாள் ராத்திரி அடுக்களையில் விளக்குப் போடாமல் சாப்பாடு. இந்தச் சுழலில் மாட்டிய பெண்ணிடம் கலோரி அட்டவணையை நீட்டினால் சுழல் இறுகத்தான் செய்யும். எடையை வைத்து இழிவுபடுத்துவதே உடல்நலக் கேடு என்று புதிய வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது. எடை பார்ப்பதற்கு முன் சம்மதம் கேட்கச் சொல்கிறது. எடை குறையாவிட்டாலும் நடையும் உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடும் பயன் தரும் என்கிறது.

இந்தக் குறைபாட்டைப் பற்றி இந்தியாவில் மானுடவியல் ஆய்வு செய்த கௌரி பாட்டக், மார்க் நிக்டர் ஆகியோர் 2015-இல் எழுதிய கட்டுரையில், இங்கே பி.சி.ஓ.எஸ். 'வாழ்க்கைமுறை நோய்' என்ற பெயரில் பரவலாகப் பேசப்படுவதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஊர் உலகமே மாறிப்போன விதத்தைப் பேச வேண்டிய இடத்தில், பழி ஒரு பெண்ணின் பழக்கவழக்கத்தின் மேல் இறங்கிவிடுவது சுலபம். நம் வீடுகளில் அது எப்படி ஒலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போன், கண்ட நேரத்துல பிரியாணி, வேலை வேலைன்னு டென்ஷன், அப்புறம் வராம என்ன பண்ணும்?" உண்மையில் பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தாய்க்கும் அக்காவுக்கும் இருந்திருக்கலாம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும்கூட இன்சுலின் கோளாறாகவும் சர்க்கரையாகவும் அதே வேர் வெளிப்படலாம். அண்ணனுக்குத் தொப்பையும் சர்க்கரையும் வந்தால் பாவம் என்கிற குடும்பம், தங்கைக்கு வந்ததை அவள் தேடிக்கொண்டது என்கிறது.

நோயைக் கண்டுபிடித்துச் சொல்வதிலேயே காயம் தொடங்குகிறது. பல நாடுகளைச் சேர்ந்த 1,385 பெண்களிடம் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு நோய் இன்னதென்று தெரிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களிடம் அலைந்திருந்தார்கள். இங்கே இன்னொரு கொடுமையும் உண்டு. அது தாமதத்துக்கு நேர் எதிரானது. வயதுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு, மாதவிடாய் தள்ளிப்போகிறதென்று ஸ்கேன் எடுத்து, பி.சி.ஓ.டி. (பி.சி.ஓ.எஸ்.-ஐத்தான் இப்படியும் சொல்வார்கள்) என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவதும், சினைப்பையில் நிறைய நுண்பைகள் தெரிவதும் வளர்ச்சியின் இயல்பு. அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவுசெய்யக் கூடாது என்கிறது வழிகாட்டுதல். சந்தேகம் இருந்தால் கண்காணித்து வரலாம். அவசரப்பட்டு முத்திரை குத்த வேண்டியதில்லை. பதினான்கு வயதில் "குழந்தை பிறக்கறது கஷ்டம்" என்று காதில் விழுந்த சொல்லோடு அந்தப் பிள்ளை கல்லூரி போகிறாள், காதலிக்கிறாள், கல்யாணத்தை நினைத்துப் பயப்படுகிறாள்.

நம் ஊரில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, தெருமுனையில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்து ஊருக்கே சொல்கிறோம். இரண்டு வருடம் கழித்து அந்த மாதவிடாய் நாலு மாதம் வராமல் நின்றால், அத்தைக்குக்கூடத் தெரியக் கூடாது என்று அம்மா வாயைப் பொத்துகிறார். மருத்துவரிடம் போனால் பிள்ளை பேசுவதில்லை. அம்மாவே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார். மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறார், யாராவது பார்த்தால் கர்ப்பத்தடை மாத்திரை என்று தப்பாக நினைத்துவிடுவார்களாம். மாதவிடாயை ஒழுங்குபடுத்த அதே வகை மாத்திரையைத்தான் தருகிறார்கள் என்பதால் அந்தப் பயம் பொய்யும் இல்லை. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்பதைப் பாட்டி சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவரே சொல்வதுண்டு. கல்யாணத்தால் இன்சுலின் குறைவதில்லை.

வரன் பார்க்கத் தொடங்கியதும் இந்த ரகசியம் கனக்கத் தொடங்குகிறது. சொல்லிவிட்டால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் பின்னால் 'ஏமாத்திட்டாங்க' என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தோடு மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிற பெண்ணின் நிலைமை எப்படிப்பட்டது! மூன்றாவது மாதம் தொடங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்பார்கள். நாத்தனாரின் வளைகாப்புக்கு அழைப்பு வரும். மணையில் இருப்பவளுக்கு வளையல் பூட்ட மட்டும் இவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்ணுக்கு ஒவ்வொரு தாமதமும் ஒரு நம்பிக்கை. பத்து நாள் தள்ளிப்போனதும் கடையில் பரிசோதனைக் கிட் வாங்கி, ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் காகிதத்தில் சுற்றித் தூக்கிப் போடுகிறாள். மற்றவர்களுக்கு மாதத்தில் ஒருமுறை வருகிற ஏமாற்றம் இவளுக்கு எப்போது வேண்டுமானாலும் வரும்.

இங்கே அறிவியல் சொல்லக்கூடிய நல்ல செய்தி இருக்கிறது. அது போதிய அளவு சொல்லப்படுவதில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கிறது. பலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. முட்டை இல்லாத பிரச்சினை இல்லை இது. முட்டை வெளிவரத் தாமதமாகிற பிரச்சினை. அதற்கு மாத்திரை உண்டு. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனையில், லெட்ரசோல் எடுத்துக்கொண்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பழைய மருந்தான க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். அது ஐந்து சுற்று வரையிலான சிகிச்சைக்குள் மட்டும் எடுத்த கணக்கு. லெட்ரசோல் விலை மலிவானது. இப்போது முதல் தேர்வு அதுவே. 'கஷ்டம்' என்ற ஒற்றைச் சொல்லை முன்பின் விளக்கம் இல்லாமல் போட்டு அனுப்புகிறவர்கள், கூடவே இதையும் சொன்னால் எத்தனையோ இரவுகளின் அழுகை மிச்சமாகும். கல்யாணமே வேண்டாம், குழந்தை வேண்டாம் என்று இருக்கிற பெண்ணுக்கும் பி.சி.ஓ.எஸ். உண்டு. "கல்யாணம் பண்ணும்போது வாங்க, பாத்துக்கலாம்" என்று அவளை அனுப்பிவிடுவதால், மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போவதை யாரும் கவனிப்பதில்லை. அது நீண்டகாலம் தொடர்ந்தால் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும்.

பிரிட்டனில் செலியா கிட்சிங்கர், ஜோ வில்மட் என்ற இருவர் 30 பெண்களிடம் விரிவாகப் பேசி 2002-இல் எழுதினார்கள். மாதவிடாய் வருவதில்லை, முகத்தில் முடி, குழந்தை இல்லை என்ற மூன்றும் சேர்ந்து, தாங்கள் பெண்கள்தானா என்றே சந்தேகப்படுகிற இடத்துக்கு அவர்களைத் தள்ளியிருந்தன. சீரான மாதவிடாய், வழவழப்பான முகம், மடியில் குழந்தை என்று பெண்ணுக்கு இலக்கணம் எழுதிவைத்த எந்த ஊரிலும் இதே பேச்சு கேட்கும். அந்த இலக்கணத்தை முகத்தாலேயே மறுத்தவர் ஹர்னாம் கவுர். பிரிட்டனில் பிறந்த சீக்கியப் பெண். பி.சி.ஓ.எஸ்.-ஆல் பதினொரு வயதில் தாடி முளைக்கத் தொடங்கி, பள்ளியில் கேலியும் மிரட்டலும் அனுபவித்து, பதினாறாம் வயதில் மழிப்பதை நிறுத்தினார். முழுத் தாடி கொண்ட மிக இளவயதுப் பெண் என்று கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. அவரைப் போல எல்லாரும் இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மழிக்க விரும்புகிறவள் மழிக்கட்டும், வளர்க்க விரும்புகிறவள் வளர்க்கட்டும். ஒளித்துக்கொள்ளத் தேவையில்லாமல் இருந்தால் போதும்.

இந்தத் துயரத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்குத் தைவானிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள ஏறத்தாழ 19,000 பெண்களின் மருத்துவப் பதிவுகளை மற்றப் பெண்களோடு ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்டார்கள். தற்கொலை முயற்சிக்கான ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. இந்த வரியைப் படிக்கும்போது யாருக்காவது தன் நிலைமையோ, மகளின் முகமோ நினைவுக்கு வந்தால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

2023 வழிகாட்டுதல், நோய் இன்னதென்று சொல்லும்போதே எல்லாப் பெண்களிடமும் மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும் என்கிறது. கேட்பது கடினமும் இல்லை. கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, வழக்கமாகப் பிடித்த காரியத்தில் நாட்டம் போய்விட்டதா, கவலையை நிறுத்தவே முடியாமல் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளில் தொடங்கலாம். அதைப் பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனையும், தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மருந்தும் மற்ற எல்லாருக்கும் போலவே இவர்களுக்கும் பயன்படும். ஆந்திரத்தில் பி.சி.ஓ.எஸ். உள்ள 90 வளரிளம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு யோகமும் மறுபிரிவுக்கு வழக்கமான உடற்பயிற்சியும் 12 வாரம் கற்பித்தார்கள். 2012-இல் வெளியான முடிவில் யோகப் பிரிவில் பதற்றம் கூடுதலாகக் குறைந்திருந்தது. இதெல்லாம் நடக்கக்கூடிய காரியங்கள். பெரிய கருவிகளும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்.

முப்பதுகளின் பிற்பகுதியில் பலருக்கு மாதவிடாய் தானாகவே ஓரளவு சீராகிவிடும். "போயிடுச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இன்சுலின் கோளாறு போவதில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்க வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் இருபது வயதில் எடை இயந்திரத்தின் மேல் நிற்கவைத்து எல்லார் முன்னிலையிலும் திட்டப்பட்டவள், நாற்பது வயதில் மருத்துவமனைப் படியை ஏற மாட்டாள். காலில் எரிச்சல் வந்தாலும் நாட்டு மருந்துக் கடையில் தைலம் வாங்கிக்கொள்வாள். அவளுடைய பிடரியில் இருபத்தைந்து வருடமாக எழுதியிருந்த சர்க்கரையை, ஆறாத புண்ணோடு அவள் வருகிற நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.